இனக்கலப்பும் குடிமை முறையும்: கோணேசர் கல்வெட்டு பற்றிய ஒரு மீள்நோக்கு

திருகோணமலைப் பிரதேசத்தின் பண்டை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் கல்வெட்டைத் தொட்டே செல்கின்றனர். கவிராசவரோதயன் இயற்றியதாக வழங்கும் இந்நூல் பெயரளவிலேயே கல்வெட்டு, கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவி, ஏட்டுப் பிரதிகளாக வழங்கிவந்த ஓர் ஆவணம் அது. குளக்கோட்டன் என்னும் அரசகுமாரன் சோழநாட்டினின்று வந்து கோணேசர் கோயிலைத் திருத்தியமைத்தமை, கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தமை, மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளைக் கொணர்ந்து இருத்தியமை, அக்குடிகளுக்குக் கோயிற்பணிகளை வகுத்தமை ஆகியன அதன் பொருள். இதனை ஒரு சாரார் இப்பிரதேசத்துத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாகக் கொண்டனர். மறு சாரார் பிற்காலப் புனைவென ஒதுக்கினர். இரு சாராரும் கேட்ட வினா ஒன்றே. யார் முதலில் வந்தனர் என்பதே அவ்வினா. வந்தவரும் முன்பிருந்தவரும் எவ்வாறு ஒரு சமூகமாயினர், அச்சமூகத்தில் யார் யாருக்காக உழைத்தனர் என்னும் வினா பின்தள்ளப்பட்டது. ஆயின் நூலின் உரைநடைப் பகுதிகள் பெரிதும் இவ்விரண்டாம் வினாவுக்குரிய செய்திகளையே கொண்டுள்ளன.

நூல் கூறும் கலியுக ஆண்டை வரலாற்றாண்டாகக் கொள்ளல் இயலாது. திருகோணமலைக் கோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட, கி.பி. 1223ஆம் ஆண்டுக்குரிய, கிரந்த எழுத்திலமைந்த வடமொழிச் சாசனம் சோடகங்கன் என்பான் கோகர்ணத்துக்கு வந்தமையைக் கூறுகின்றது. குளக்கோட்டன் என்னும் மரபுநாயகனுக்குப் பின்னால் இச்சோடகங்கன் நிற்கக்கூடும் என வரலாற்றறிஞர் சிலர் கருதியுள்ளனர். அதனை ஏற்பினும் மறுப்பினும் நமது வாதம் மாறப்போவதில்லை. ஓர் ஆவணத்தின் உண்மை அது கூறும் நாயகனின் உண்மையில் மட்டும் தங்கியதன்று. அது யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது, எந்த உறவுகளை நிலைநிறுத்த முயன்றது என்பனவும் உண்மைகளே.

அவ்வாறு நோக்கின் இந்நூல் ஓர் ஊழியப் பட்டயமாகத் தோன்றும். மருங்கூரார் தானத்தார் எனப்பட்டனர். கோயிலின் பண்டாரமும் நிருவாகமும் அவர் பொறுப்பு. காரைக்காலார் வரிப்பத்தார் எனப்பட்டனர். பூக்கொய்தல், மாலை தொடுத்தல், மெழுகுதல், நெற்குற்றல், கொடியும் குடையும் தாங்கல் போன்ற உடலுழைப்பு அவர்க்குரியது. இவ்விரு சாராருக்குமிடையே பிணக்கு நேரின் நடுநின்று தீர்ப்பதற்கென மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் வருவிக்கப்பட்டு வன்னிமையாக அமர்த்தப்படுகிறான். பிணக்கு நேரும் என்பதை நூல் முன்கூட்டியே எதிர்பார்க்கின்றது; அதற்கென ஒரு அதிகாரத்தையும் நிறுவுகின்றது. பக்தியினால் மட்டும் இயங்கிய சமூகமாயின் இத்தகைய நடுவன் தேவைப்பட்டிரான். திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் என்னும் நான்கு பற்றுக்களின் வயல்வருவாயும் மனித உழைப்பும் கோயிலை நோக்கிப் பாய்வதற்கான வாய்க்கால் இந்நூலில் வெட்டப்பட்டுள்ளது எனலாம்.

குடிமை என்னும் சொல்லை நாம் இப்பொருளிலேயே ஆளுகின்றோம். இன்று அது நாட்டுரிமையைக் குறிக்க வழங்கினும், ஈழத்துத் தமிழ்ச் சமூக வழக்கில் கோயிலுக்கும் நிலவுடைமையாளருக்கும் பரம்பரையாகச் செய்யக் கடமைப்பட்ட ஊழியத்தையே அது நெடுங்காலம் குறித்துவந்தது.

இனி, நூலின் மௌனம் பற்றி நோக்குவோம். குடிகளைக் கொணர்ந்து 'இருத்தினான்' எனுமிடத்து, அந்நிலம் ஆளற்றுக் கிடந்தது என்னும் எண்ணம் வாசிப்போர் மனத்திற் படிகின்றது. அது ஆளற்ற நிலமன்று. மகாவம்சம், மகாசேனன் கோகர்ணத்துத் தேவாலயத்தை அழித்து விகாரை எழுப்பியதைக் கூறும். எனவே பொதுவூழியின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இத்துறைமுகத்தில் இரு வழிபாட்டு மரபுகள் எதிரெதிரே நின்றன. திரியாயில் உள்ள கிரிகண்டி சைத்தியம், திரபுசர், வல்லிகர் என்னும் வணிகக் கூட்டத்தாரோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. அங்குள்ள சாசனத்தின் மொழி வடமொழி, அதன் எழுத்தோ பல்லவக் கிரந்தத்தை ஒத்தது. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிற் கோணமாமலையைப் பாடியபோது, அத்துறைமுகத்தின் சுற்றுப்புறத்தில் மகாயான பௌத்த வணிகரும் நடமாடினர்.

நிலாவெளிச் சாசனம் இன்னும் தெளிவானது. மத்சகேசுவரத்து மகாதேவருக்கு இருநூற்றைம்பது வேலி நிலம் வழங்கப்பட்டதை அது தமிழிற் பதிவுசெய்கின்றது. அந்நிலத்தைச் சுட்டும் ஊர்ப்பெயர்களோ 'காமம்' என முடியும் பழம்பெயர்கள். பிராகிருத, சிங்கள வழக்கின் 'காம' என்னும் ஊர்ச்சொல் தமிழ் ஈறு பெற்று நிற்பது. தம்பலகாமமும் அவ்வாறே. கந்தளாய் என்பது பாளி நூல்களில் வரும் கங்காதலமே. கொட்டியாரம் அவற்றிற் கொத்தசாரம். நிலத்தைத் தானம் செய்தவனின் மொழி தமிழாயிற்று. நிலத்தின் பெயரோ, அதனை முன்னர் உழுதவர் இட்டபடியே எஞ்சிற்று. அரசனின் எழுத்தர் ஊர்ப்பெயரை உழவனிடம் கேட்டே எழுத வேண்டியிருந்தது போலும்!

பெரியகுளத்தில் உள்ள வெல்கம் விகாரை இதன் மறுபக்கம். சோழராட்சியில் அது இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் விளக்கெரிக்கவும் பசுக்கள் வழங்கவும் தமிழ்ப் பெயருடையோர் செய்த கொடைகளைக் கூறுகின்றன. சைவப் பேரரசின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி. அதற்குத் தமிழிற் சாசனம் பொறித்த கொடையாளர். பிற்காலத்தில் அயலூர்த் தமிழர் அதனை நாதனார் கோயில் என வழிபட்டமை. இன்றைய இனவாத அளவுகோல் எதனாலும் இவ்வொரு கட்டடத்தை அளந்துவிட முடியாது. பௌத்தம் என்றதும் சிங்களம் என்றும், தமிழ் என்றதும் சைவம் என்றும் பொருள்கொள்ளும் பழக்கம் மிக அண்மைக்காலத்தது.

கந்தளாயில் இவ்வுண்மை மேலும் துலங்குகின்றது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் இரண்டாம் அக்கிரபோதி என்பது சூளவம்ச மரபு. குளக்கோட்டன் என்பது தமிழ் மரபு. ஒவ்வொரு மரபும் குளத்தைத் தன் அரசனுக்கு உரிமையாக்கியது. மண் சுமந்தவர் எம்மொழி பேசினர் என்பதை இரண்டும் கூறவில்லை. சோழர் காலத்தில் அங்கு இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணக் குடியிருப்பு இருந்தது. 1070இற் சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகுவின் காலத்திலே, அவனது 42ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட பாலமோட்டைச் சாசனம், அதே ஊரை விசயராசச் சதுர்வேதிமங்கலம் எனக் குறிக்கின்றது. நங்கைச்சானி என்னும் பிராமணப் பெண் தன் கணவனின் நினைவாக அங்குள்ள விசயராச ஈசுவரத்துக்குக் கொடை அளித்ததையும், அது வேளைக்காரப் படைப்பிரிவின் காவலில் விடப்பட்டதையும் அச்சாசனம் தமிழிற் கூறுகின்றது. சோழன் போனான், சிங்கள அரசன் வந்தான். ஊரின் பெயரில் இராசராசன் நீங்கி விசயராசன் ஏறினான். மங்கலம் மங்கலமாகவே நின்றது. பிராமணரின் நிலவுரிமையும் வேளைக்காரரின் வாளும் இடம்பெயரவில்லை. 'இனப்போர்' எனப் பள்ளிப் பாடநூல்கள் கற்பித்த ஒன்றின் மறுநாள் இவ்வாறிருந்தது.

இச்சான்றுகளை இனங்களின் நல்லிணக்கத்துக்கு உதாரணமாகக் காட்டி மகிழ்வது எளிது. அத்தகைய மகிழ்ச்சியில் நமக்கு உடன்பாடில்லை. இணக்கம் நிகழ்ந்தது உண்மை. யார் மட்டத்தில், எந்த விலையில் என்பதே ஆராயற்பாலது.

இப்பிரச்சினையில் முன்னோடியான ஆய்வுகள் இரண்டு. லெஸ்லி குணவர்த்தன 1979இல் வெளியிட்ட 'சிங்கத்தின் மக்கள்' என்னும் கட்டுரை, சிங்களம் என்னும் அடையாளம் ஆரம்பத்தில் ஆளுங்குழுவைச் சுட்டிப் பின்னரே கீழ்நோக்கி விரிந்தது என வாதித்தது. கா. இந்திரபாலா 2005இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் பின்னர் தமிழிலும் தந்த நூல், இலங்கையின் இரு பெரும் இனக்குழுக்களும் பெருந்தொகைப் படையெடுப்பால் உருவானவையல்ல, ஏலவே இருந்த மக்களிடையே மொழிமாற்றத்தின் வழியே ஆக்கம் பெற்றவை என நிறுவ முயன்றது. குருதிவழி வரலாற்றின் வேரை அறுத்தமைக்காக இவ்விருவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் மொழி மாறியது என்பதுடன் விளக்கம் முடிந்துவிடாது. ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியைக் கைவிட்டு இன்னொரு மொழியை ஏற்கும்போது, புதிய சமூகத்தின் எப்படியில் அது அமர்த்தப்படுகிறது? இவ்வினா குணவர்த்தனவிடம் கூர்மையாக உள்ளது. இந்திரபாலாவின் நூலில் அது மையமன்று. கோணேசர் கல்வெட்டு பயன்படக்கூடிய இடம் இதுவே.

ஒப்பீட்டுக்கு அயல்நாட்டு உதாரணமொன்றை எடுத்துக்கொள்வது தெளிவு தரும். அயலினங்களின் கலப்பு என்றதும் உலக வரலாற்றாசிரியர் முதலிற் சுட்டுவது வடசீனத்தையே. புல்வெளியினின்று வந்த சியென்பெய் மக்கள் நிறுவிய வட வெய் அரசின் மன்னன் சியாவொவென், 494இற் தலைநகரைப் பிங்செங்கிலிருந்து தெற்கே லுவோயாங்குக்கு மாற்றினான். 495இல் அரசவையிற் சியென்பெய் மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்குச் சிறிது சலுகை, இளையோருக்குப் பதவியிறக்கம். 496இற் குடிப்பெயர்கள் ஹான் வடிவம் பெற்றன. துவோபா என்னும் அரசகுலமே யுவான் ஆயிற்று. வடசீன அரசுகளில் ஹான், அயலார் என்னும் வேறுபாடு குருதியில் அன்று, பண்பாட்டிலேயே தங்கியிருந்தது எனச் சீன வரலாற்றறிஞர் சென் யின்கோ கூறியது புகழ்பெற்ற கருத்து.

அக்கருத்து சரியானதே, ஆயினும் பாதிதான். மன்னன் பெயர்களை மாற்றியதோடு நிற்கவில்லை, அவற்றை வரிசைப்படுத்தினான். சியென்பெய்யரின் எட்டு உயர்குடிகள், ஹான்களின் நான்கு உயர்குடிகளுக்கு நிகரென ஆணை பிறந்தது. இருசாரார்க்கும் மணவுறவு வகுக்கப்பட்டது. மன்னனின் தம்பியர் ஹான் உயர்குடிப் பெண்களை மணக்க, அவர்களுடைய முந்திய மனைவியர் காமக்கிழத்தியர் நிலைக்கு இறக்கப்பட்டனர். இனக்கலப்பின் பதிவேட்டில் அப்பெண்களின் பெயர்கள் இல்லை. வடஎல்லையின் ஆறு காவற்படை நகரங்களில் விடப்பட்ட சாதாரணச் சியென்பெய் வீரருக்கோ இக்கலப்பினால் வந்த நன்மை எதுவுமில்லை. தலைநகரில் அவர்களின் உறவினர் கவிதை பயின்றுகொண்டிருக்க, அவர்கள் இழிந்தோராயினர். 523 அளவில் வெடித்த அவர்களின் கிளர்ச்சியே வட வெய் அரசை நிலைகுலையச் செய்தது. 534இல் அரசு இரண்டாகப் பிளந்தது. ஒரே இனத்தின் மேற்தட்டு அயலினத்து மேற்தட்டோடு இணைந்தபோது அவ்வினம் தனக்குள்ளேயே பிளவுண்டது.

மணவுறவு பற்றிய செய்தி நம்மைத் திருகோணமலைக்கு மீட்டுக் கொணர்கின்றது. குளக்கோட்டன் உன்னாசகிரியில் அரசாண்ட ஆடகசவுந்தரியை மணந்தான் என்பது கீழ்மாகாணத் தமிழ் மரபு. அவள் முதலில் வந்தவனை விரட்ட முனைகிறாள், பின்னர் மனைவியாகிறாள். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவையோ பூதங்கள் என மரபு கூறும். இவ்விரு கதைக்கூறுகளையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். மண்ணுக்குரிய ஆட்சித் தலைவி அரசியாக ஏற்கப்படுகிறாள். மண்ணுக்குரிய உழைப்பாளர் மனித உருவே இழந்து பூதங்களாகின்றனர். வரலாற்றில் உழைத்தவரை மறைப்பதற்கு இதனினும் தக்க உத்தி வேறில்லை. மகாவம்சத்து விசயனும் அவ்வாறே இயக்கியான குவேனியை மணந்து, அவளது உதவியால் நாட்டைப் பெற்று, பின்னர் பாண்டிநாட்டு அரசகுமாரிக்காக அவளைத் துரத்துகிறான். அவளுடைய மக்கள் காட்டுக்குட் சென்று புளிந்தராகின்றனர். ஒரு மரபில் மண்ணின் பெண் அரசியாக உயர்கிறாள், மற்றதில் இயக்கியாக எறியப்படுகிறாள். இரண்டும் இருவேறு இனங்களின் கதைகளாக வழங்குகின்றன. கதையின் தருக்கம் ஒன்றே. சியாவொவென்னின் தம்பியரின் முந்திய மனைவியரை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க இயலவில்லை.

கயவாகு மன்னன் பற்றிய பகுதியும் கருதற்பாலது. கோயிலுக்கு எதிராக வந்தவன் பின்னர் அதன் புரவலனாகிறான் என்பது கோணேசர் மரபு. இம்மரபுக்குப் பின்னால் நிற்பவன் 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கயவாகு எனின், சூளவம்சம் அவனைப் பிறிதொரு வகையிற் காட்டுகின்றது. வெளிநாட்டிலிருந்து புறச்சமயப் பிரபுக்களை வருவித்து இராசரட்டையை முட்களால் நிரப்பினான் என்பது அதன் குற்றச்சாட்டு. அது அவனுடைய பகைவனான பராக்கிரமபாகுவைப் புகழ்வதற்கு எழுந்த பகுதி என்பதை மறத்தலாகாது. கந்தளாயிலேயே அவன் தன் இறுதிக்காலத்தைக் கழித்தான். ஒரு நூல் அவனைத் திருந்திய அடியவனாக்குகின்றது. மற்றது கெட்ட அரசனாக்குகின்றது. இரண்டிலும் அவன் அருகில் நிற்போர் பிரபுக்களும் அந்தணருமே. மேற்தட்டுக் கலப்பு நட்பாகவும் பகையாகவும் பதிவுபெறும்; கீழ்த்தட்டுக் கலப்போ பதிவே பெறாது.

பதிவு பெறவில்லை எனினும் அதன் தடயம் அழியவில்லை. மருங்கூரார், காரைக்காலார் என்னும் பெயர்கள் ஊரைச் சுட்டித் தொடங்கினும், கல்வெட்டின் அமைப்பில் அவை ஊழியத்தின் பெயர்களாகிவிடுகின்றன. பூக்கொய்யும் கடமையை ஏற்றவன் காரைக்காலானாகிறான். அவனுடைய பாட்டன் காரைக்காலைக் கண்டிருக்க வேண்டியதில்லை. 'காமம்' என முடியும் ஊர்களில் உழுதுகொண்டிருந்தோர் திடீரென மறைந்துபோயினர் எனக் கொள்வதைக் காட்டிலும், அவர்கள் இப்பணிப்பிரிவுகளுக்குள் உள்வாங்கப்பட்டுத் தமிழராயினர் எனக் கொள்வதே பொருத்தமுடைத்து. வட வெய் அரசு உயர்குடிகளுக்குப் புதிய குடிப்பெயர் அளித்து ஒருமைப்படுத்தியது. கோணேசர் கோயில் தாழ்குடிகளுக்குப் புதிய பூர்வீகம் அளித்து ஒருமைப்படுத்தியது. பல்லவ, சோழர் காலச் சைவம் தமிழகத்தில் நிலவுடைமையோடு கைகோத்து ஆற்றிய பணியைக் கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்னும் நூலில் விளக்கினார். கடல்கடந்த துறைமுகமொன்றில் அதே சைவம் மேற்கொண்ட வடிவம் இது.

இவ்வமைப்புக்குள் வராதவர் கதியை அறியக் கொட்டியாரத்தின் தெற்கே செல்ல வேண்டும். மூதூர், வெருகல் தொடங்கி வாகரை வரையுள்ள கரையோர வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இலேயே எழுதினர்: மீன்பிடித்து, தமிழ் பேசி வாழ்பவர் என்று. மொழிமாற்றம் முழுமையாக நிகழ்ந்த உதாரணம் இம்மக்கள். தமிழர் ஆனார்களா என்றால், மொழியால் ஆம். நிலத்தாலும் மதிப்பாலும் இல்லை. கோயிற் குடிமையில் இடம் பெற்றவன் தாழ்ந்த படியிலேனும் ஓர் உரிமை பெற்றான். இடம் பெறாதவன் மொழியை மட்டும் பெற்றான்.

இவ்வாய்வு இன்று வெறும் பண்டைய ஆராய்ச்சியன்று. சுதந்திரத்துக்குப் பின் கந்தளாயிலும் அல்லையிலும் அரசு குடியேற்றத் திட்டங்களை நடத்தியபோது, பண்டைய குளங்களை மீட்டல், ஆளற்ற காட்டை வளமாக்கல் என்னும் மொழியே பயன்பட்டது. ஆளற்ற நிலம் என்னும் கருத்துநிலை கோணேசர் கல்வெட்டிலும் உள்ளது, நவீன அரசின் திட்ட அறிக்கையிலும் உள்ளது. வறிய சிங்கள விவசாயி அங்கு கொணர்ந்து இருத்தப்பட்டான்; இருத்தியவர்களின் வாக்குக் கணக்கு அவனுடையதன்று. 2020 யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணி, தொடக்கத்தில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ கொண்டிருக்கவில்லை. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவர். வெல்கம் விகாரையின் தமிழ்ச் சாசனங்களை இத்தகைய செயலணி எக்கண்கொண்டு வாசிக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

இதற்கு எதிராக நம்மவர் சிலர் குளக்கோட்டனுக்குச் சிலையெடுத்து விடைகூற முனைகின்றனர். அவர்களின் அச்சம் நியாயமானது. நிலம் பறிபோகும்போது தொன்மை ஒன்றே ஆயுதமாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் அரசனுக்கு அரசனை எதிர்நிறுத்தும் வாதத்தில் வரிப்பத்தாருக்கு இடமில்லை, வேடருக்கு இடமில்லை, கிண்ணியாவிலும் மூதூரிலும் நூற்றாண்டுகளாய் உழுதும் வலைவீசியும் வரும் முஸ்லிம் மக்களுக்கு அறவே இடமில்லை. குளக்கோட்டன் வந்த ஆண்டை நிறுவுவதில் நாம் செலவிட்ட மையில் ஒரு பங்கையேனும், தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயிலில் இன்றும் பேசப்படும் பணிமுறைகளை, எக்குடி எவ்வூழியம் எந்த வயலுக்கீடாகச் செய்தது என, ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்வதிற் செலவிட்டிருத்தல் வேண்டும். 1620களிற் போர்த்துக்கேயர் மலைக்கோயிலைத் தகர்த்து அக்கற்களாற் கோட்டை எழுப்பிய பின்னரும், திருவுருவம் தம்பலகாமத்தில் எழுந்தருளியதும் பணிமுறை மீண்டும் உயிர்பெற்றமை நோக்கத்தக்கது. கோயில் இல்லாத இடைக்காலத்திலும் வரிப்பத்தான் வரிப்பத்தானாகவே இருந்தான்.